இளநீர் உபசாரம்

நான் வேலை பார்த்த நகரத்து மருந்தகத்துக்கு ஆண்டு மலர் ஒன்று போடுகிறார்களாம். அதற்குக் கட்டுரை கேட்டுப் போன கிழமை இரண்டு தாதிப் பிள்ளைகள் உடுவிலில் எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். இரத்த அழுத்தக்காரரை வீடு வீடாகப் போய்ப் பார்க்கும் வேலையை நிறுத்திவிடலாம், அவர்களே மருந்தகத்துக் கிளினிக்குக்கு வரட்டும் என்று மேலிடத்தில் பேச்சு அடிபடுகிறதாம். நிறுத்தக்கூடாது என்பது இந்தப் பிள்ளைகளின் ஆசை. என்னுடைய பழைய ‘சாப்பாட்டுச் சோதனை’யைப் பற்றி யாரோ அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்கள். அதை எழுதினால் வீட்டுக்குப் போவதன் அருமை பெரியவர்களுக்கு விளங்கும் என்றார்கள். தேத்தண்ணீர் குடித்து, தட்டைவடை சாப்பிட்டு, ஏதோ சாதித்த மனிசியைப் பார்த்துவிட்ட முகத்தோடு போனார்கள். எனக்குத்தான் அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

வீட்டுக்குப் போகத்தான் வேண்டும் என்று நானும் சொல்வேன். ஆனால் அதற்கு என்னை உதாரணமாகக் காட்டினால் வெட்கக்கேடு. சாப்பாட்டுச் சோதனையைப் பற்றி எழுதுகிறேன். அது எந்த வீட்டில் நடந்தது, எந்த வீட்டில் நடக்கவில்லை என்பதையும் சேர்த்து எழுதுகிறேன். மலருக்கு ஏற்காது என்றால் பிள்ளைகள் கிழித்துப் போடட்டும்.

ஐம்பத்தாறாம் ஆண்டு சுன்னாகத்தில் ரயிலேறிப் பயிற்சிக்குக் கொழும்புக்குப் போனேன். கட்டில் விரிப்பை மடிப்பதிலிருந்து கண்மூடியவர்களைத் துடைத்து விடுவதுவரை படித்தேன். தலைமைத் தாதியான மேட்டனிடம் நிறைய ஏச்சு வாங்கினேன். எவருடைய உடம்பையும் தொட அருவருக்கக்கூடாது என்பதுதான் முதல் பாடம். அதில் என்னை ஒருவரும் குறை சொன்னதில்லை. புண் கழுவினேன், மலம் துடைத்தேன், சளிக் கோப்பை ஏந்தினேன். தொடுவதில் எனக்குப் பாகுபாடு இல்லை என்று என்னை நானே மெச்சிக்கொண்டு ஊர் திரும்பினேன்.

சில காலம் ஆஸ்பத்திரி வாட்டுகளில் வேலை செய்த பிறகு நகரத்து மருந்தகத்துக்கு வந்தேன். அங்கே பெரியவராக இருந்தவர் சிவக்கொழுந்து டாக்குத்தர். நெல்லியடிப் பக்கத்து மனிதர். எங்களைப் போலவே தோட்டந்துரவு உள்ள குடும்பத்துப் பிள்ளை. மெலிந்த உடம்பு, குரல் உயராது. இரத்த அழுத்தம் என்றால் பணக்காரரின் வியாதி என்று எல்லோரும் நினைத்திருந்த காலம் அது. கடைத்தெருவில் மூட்டை தூக்குகிறவனும் முற்றம் கூட்டுகிறவளும் திடீரென்று விழுந்து வாய் கோணிப்போவதை அவர் கண்டிருந்தார். தலையிடி என்று எவர் வந்தாலும் கையை நீட்டச் சொல்லிப் பிறசர் பார்க்கும் வழக்கத்தை அவர்தான் அங்கே கொண்டுவந்தார்.

பிறசர் பார்ப்பதற்கு அவர் வைத்திருந்த ஒழுங்கு சாமி அறைக்குள்கூட இருக்காது. வந்தவரை முதலில் கதிரையில் முதுகு சாய்த்து இருத்த வேண்டும். கால் இரண்டும் நிலத்தில் பட வேண்டும். மூச்சு ஆறும்வரை அவரோடு ஒருவரும் கதைக்கக்கூடாது. கைப்பட்டியைச் சட்டைக்கு மேலே சுற்றினால் முகம் சுளிப்பார். காற்றை ஏற்றுவது எப்படியும் இருக்கலாம், இறக்குவதில்தான் கண். குழாயில் பாதரசம் மெல்ல மெல்ல இறங்க வேண்டும், கிழவர் படியிறங்குவது போல என்பார். மூன்று தரம் பார்க்க வேண்டும். முதலாவதை எழுதக்கூடாது, அது மனிதருடைய பயம் என்று சொல்வார்.

எழுதும் இலக்கத்தின் கடைசியில் பூச்சியம் வந்தால் உடனே கூப்பிடுவார். நான் சேர்ந்த புதிதில் நூற்றைம்பது, நூற்றறுபது, நூற்றெழுபது என்று அழகாக எழுதிக்கொண்டு போனேன். “மிஸ்ஸி, இந்த நகரத்துச் சனம் எல்லாரும் கூடிக் கதைச்சோ பூச்சியத்திலை நிக்கினம்?” என்று கேட்டார். பக்கத்தில் நின்ற மருந்து கலக்குகிறவர் சிரிப்பை அடக்க முடியாமல் போத்தலைக் கழுவப் போய்விட்டார். அன்றைக்குப் பிறகு நான் இரசத்தின் விளிம்பைக் கண்ணை இடுக்கிப் பார்த்துத்தான் எழுதினேன்.

குளிசை கொடுத்தும் பிறசர் இறங்காதவர்களுக்குத்தான் சாப்பாட்டுச் சோதனை. அந்தக் காலத்துக் குளிசைகள் இன்றுள்ளவை போல நல்லவை அல்ல. ஒன்று மூக்கை அடைக்கும், மனதைச் சோரப்பண்ணும். மற்றது சலத்தைப் போக்கும், நாக்கை வறட்டும். அதனால் கூட்டிக் கொடுக்க முதல் உப்பைக் குறைத்துப் பார்க்க வேண்டும் என்பது டாக்குத்தரின் கொள்கை. உப்புக் குறைத்தீர்களா என்று கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்கு வாய் வரும்? ஆகவே தாதி முன்னறிவித்தல் இல்லாமல் மத்தியானம் நோயாளியின் வீட்டுக்குப் போக வேண்டும். அவருக்குப் போடும் சோற்றிலும் கறியிலும் தானும் வாங்கிச் சாப்பிட வேண்டும். “காதாலை கேட்டதை எழுதாதேங்கோ. நாக்கிலை பட்டதை எழுதுங்கோ” என்பார்.

இந்த வேலை எனக்கு நன்றாகப் பிடித்திருந்தது. ஓய்வு பெற்ற கிளாக்கர் ஒருவர் இருந்தார். கந்தோரில் துரைமாரோடு பழகிய மிடுக்கு அவருக்குக் கடைசிவரை போகவில்லை. உப்பென்றால் என்னவென்றே மறந்துபோனேன் என்று கிளினிக்கில் சத்தியம் பண்ணுவார். நான் ஒரு நாள் மத்தியானம் போய் அவருக்குப் பக்கத்தில் பலகை போட்டு இருந்தேன். அவருடைய மனைவி பாவம், முகமெல்லாம் வியர்த்தபடி இரண்டு பேருக்கும் போட்டார். பருப்பிலும் உப்பில்லை, கீரையிலும் உப்பில்லை. வாயில் வைக்க முடியவில்லை. ஆனால் கிளாக்கர் சோற்றைக் குழைக்காமல் ஒரு கரையால் மட்டும் தொட்டுத் தொட்டுச் சாப்பிட்டார். எட்டி அவருடைய சோற்றைக் கிளறினேன். அடியில் பொரித்த மோர்மிளகாய் ஐந்தாறு, பக்கத்தில் ஒரு துண்டு நாரத்தங்காய் ஊறுகாய். “உது பிள்ளையள் தெரியாமல் வைச்சது” என்றார். அந்த வீட்டில் பிள்ளைகளே இல்லை. இந்தக் கதை நகரம் முழுக்கப் பரவி எனக்கு ‘உப்புப் பொலிஸ்’ என்று பெயர் வந்தது. அந்தப் பெயரில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

நான் இருந்து சாப்பிட்ட வீடுகள் எல்லாம் கிளாக்கரின் வீட்டைப் போன்றவை. எங்கள் ஆட்களின் வீடுகள், அல்லது எங்கள் ஆட்கள் கைநனைக்கக்கூடிய வீடுகள்.

கடலேரியை ஒட்டி ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய சந்து ஒன்று இருந்தது. அங்கே இருந்தவர்கள் வீட்டில் எங்கள் ஆட்கள் தண்ணீர் வாங்கிக் குடிக்கமாட்டார்கள். சாதி என்று சொல்லிவிட்டால் முடிந்தது. அதற்கு மேல் பூசி மெழுக ஒன்றுமில்லை. அந்த ஒழுங்கையில் நாகமுத்து என்று ஒரு விதவை இருந்தார். பெரிய வீடுகளில் முற்றம் கூட்டி, நெல்லுக் குத்திப் பிழைத்தவர். மகன் செல்வராசா சுருட்டுக் கொட்டிலில் வேலை. மகள் இராணி வீட்டில் தையல் வேலை செய்வாள். நாகமுத்து என்னைவிடப் பத்து வயதாவது மூத்தவர். இப்போது ‘அவர்’ என்று எழுதுகிறேன். அப்போது என் வாயில் வந்ததெல்லாம் ‘நீ’தான். அவர் என்னை ‘நீங்கள்’ என்பார். இரண்டு பேருக்கும் அது வித்தியாசமாகப் படவில்லை.

நல்ல வாய்க்காரி. கிளினிக்கில் அவர் வந்து இருந்தால் வாங்கில் காத்திருந்த எல்லோருக்கும் சிரிப்பு. கைப்பட்டி இறுகும்போது, “மிஸ்ஸி, உங்கடை பாம்பு என்னை விழுங்கப் பாக்குது, வாலைப் பிடியுங்கோ” என்பார். டாக்குத்தர் விதித்த மௌனத்தைக் காக்க அவரோடு நான் பட்டபாடு சொல்லி முடியாது. முதல் வருடத்தில் அவருடைய பிறசர் நன்றாக இறங்கியிருந்தது. டாக்குத்தருக்கே பெருமை. பிறகு ஒரு மாரி கழிந்ததும் ஏறத் தொடங்கியது. குளிசையைக் கூட்டினோம்; கொஞ்சம் இறங்கி மறுபடி ஏறியது.

நான் அந்த வீட்டுக்குப் போகாமல் இருக்கவில்லை. மாதம் தவறாமல் போனேன். மற்றத் தாதிகள் படலையில் நின்று கூப்பிட்டுக் கதைத்துவிட்டுப் போவார்கள். நான் உள்ளே போய்க் கதிரையில் இருப்பேன். அதனால் நான் மற்றவர்களைப் போல இல்லை என்று எனக்கு நினைப்பு. போய் இருந்ததும் நாகமுத்து மகனைக் கூப்பிடுவார். வளவில் நின்ற ஒரே தென்னையில் அவன் ஏறி ஓர் இளநீர் பறித்து, தலையைச் சீவி அப்படியே என் கையில் தருவான். இளநீருக்குப் பாத்திரம் வேண்டாம், தண்ணீர் கலக்காது, எவருடைய கையும் உள்ளே படாது. ஆகவே தீட்டில்லை. எங்கள் ஆட்கள் வந்தால் அவர்கள் இளநீர் கொடுப்பார்கள், அல்லது கடையில் மூடி உடைக்காத சோடா வாங்கிக் கொடுப்பார்கள். யாரும் வாய்திறந்து பேசி வைத்த ஏற்பாடு அல்ல. கொடுக்கிறவருக்கும் மனம் நோகாது, குடிக்கிறவருக்கும் மானம் போகாது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம். அவர்களுக்கு நொந்ததா என்று நான் கேட்டதில்லை.

பிறசர் ஏறிக்கொண்டே போனதும் எனக்குக் கோபம் வந்தது. மூக்கு நுனியில் கோபத்தை வைத்துக்கொண்டே வேலை செய்தவள் நான். ஒரு நாள் கிளினிக்கில் எல்லோருக்கும் முன்னால் கேட்டேன்.

“நாகமுத்து, பொய் சொல்லாதை. உப்புத் தின்னாமல் உப்பிடி ஏறாது.”

“முருகனாணை மிஸ்ஸி, உப்புச் சாடியைக் கவிட்டு வைச்சிருக்கிறன். வந்து பாருங்கோ.”

போய்ப் பார்த்தேன். சாடி கவிழ்ந்துதான் கிடந்தது. நான் வருவேன் என்று தெரிந்து கவிழ்த்து வைத்திருக்கிறா என்று முடிவு கட்டினேன். கறிச்சட்டியை எட்டிப் பார்த்தேன், மூடினேன். இளநீரைக் குடித்துவிட்டு எழும்பினேன். குளிசை குடித்தால் நா வறளுகிறது என்று நாகமுத்து சொன்னார். தண்ணீரை நன்றாகக் குடி, குடிக்கக் குடிக்க நல்லது என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்தப் புத்திமதியை நினைத்தால் இன்றைக்கும் என் வாயைப் பொத்திக்கொள்ளலாம் போல இருக்கிறது.

அடுத்த நாள் டாக்குத்தர் கேட்டார்.

“நாகமுத்து வீட்டிலை சாப்பிட்டுப் பாத்தனீங்களோ?”

“ஓம் ஐயா.”

“நாக்கிலை உப்புப் பட்டதோ?”

“இல்லை ஐயா.”

அவர் என்னை நம்பினார். நம்பும்படியாகத்தான் அத்தனை வருடமும் வேலை செய்திருந்தேன். அப்படியென்றால் உப்பில் பிழையில்லை, வருத்தம்தான் முற்றுகிறது என்று சொல்லி இன்னொரு குளிசையைச் சேர்த்தார். அந்த இரண்டாவது பதிலை மட்டும் சொல்லாமல் விட்டிருந்தால், ‘தெரியாது ஐயா’ என்று சொல்லியிருந்தால்கூட அவர் விட்டிருக்கமாட்டார், தானே தேடியிருப்பார். நான் அந்த வழியை அடைத்துவிட்டேன்.

புரட்டாதி மாதம் போல இருக்கும். செல்வராசா கிளினிக்குக்கு ஓடிவந்தான். அம்மா முற்றத்தில் விழுந்துவிட்டா, கதைக்கிறா இல்லை என்றான். பெரியாஸ்பத்திரியில் நாகமுத்துவுக்கு உயிர் தப்பியது. வலது கையும் காலும் வழங்கவில்லை. பேச்சு முழுதாகப் போய்விட்டது. நான் வாட்டுக்குப் போய்க் கட்டிலருகே நின்றபோது, அந்த வாய்க்காரி என்னைப் பார்த்து ஏதோ சொல்ல உன்னி உன்னி, வந்த ஒரே சத்தத்தைத் திரும்பத் திரும்பச் சொன்னார். எனக்கு விளங்கவில்லை. ஓம் ஓம் என்று தலையாட்டிவிட்டு வெளியே வந்து அழுதேன்.

வீட்டுக்கு விட்ட பிறகு டாக்குத்தர் தானே வந்து பார்க்க வேண்டும் என்றார். தன் பழைய காரில் என்னையும் ஏற்றிக்கொண்டு போனார். நாகமுத்து உள்ளே பாயில் கிடந்தார். டாக்குத்தர் நிலத்தில் குந்தி இருந்து மூன்று தரம் பிறசர் பார்த்தார். அப்போது இராணி வாசலில் நின்ற தமையனிடம் மெல்லச் சொன்னாள்.

“அண்ணை, மிஸ்ஸி வந்திருக்கிறா. இளநி ஒண்டு பறி.”

தாய் அந்தக் கோலத்தில் கிடக்கிறா. அந்த நேரத்திலும் அந்தப் பிள்ளைக்கு என் உபசாரம் நினைவிருந்தது. டாக்குத்தர் கைப்பட்டியைக் கழற்றிக்கொண்டே, மிஸ்ஸி எப்போதும் இளநீர்தானா குடிக்கிறவ என்று கேட்டார்.

“ஓம் ஐயா. அவ எங்கடை வீட்டிலை தண்ணி குடிக்கமாட்டா.”

குறையாகச் சொல்லவில்லை. ஒருவர் மாமிசம் சாப்பிடமாட்டார் என்று சொல்வது போலத்தான் சொன்னாள்.

“சோறு?”

“சோறோ? இஞ்சையோ?” என்று இராணி என்னைப் பார்த்தாள். அவளுக்குக் கேள்வியே விளங்கவில்லை.

டாக்குத்தர் என் பக்கம் திரும்பவில்லை. தனக்குக் குடிக்கக் கொஞ்சம் தண்ணீர் தரும்படி கேட்டார். இராணி தயங்கினாள். அவர் மறுபடி கேட்டதும் தண்ணீர் குடிக்கும் பேணியைத் தேய்த்துக் கழுவிக் கொண்டுவந்து கொடுத்தாள். அண்ணாந்து ஒரு மிடறு குடித்தார். அதை நாக்கில் வைத்திருந்து விழுங்கினார். பிறகு எந்தக் கிணற்றுத் தண்ணீர் என்று கேட்டார்.

அதற்குப் பிறகுதான் எல்லாம் வெளியே வந்தது. அந்த ஒழுங்கையில் இருந்த கிணறுகள் எல்லாம் சவர், உப்புத் தண்ணீர். அதனால் அவர்கள் தெருமுனையில் ஒரு பெரிய வளவின் கிணற்றில்தான் நல்ல தண்ணீர் வாங்கினார்கள். தாங்களாக அள்ள முடியாது. குடத்தோடு காத்து நிற்க, அந்த வீட்டார் அள்ளி ஊற்றுவார்கள். தேநீர்க்கடைகளுக்குள் போய் எல்லோரையும் போல இருந்து கிளாசில் குடிப்போம் என்று இளைஞர்கள் புறப்பட்ட காலம் அது. செல்வராசாவும் அவர்களோடு போய்க் குடித்திருக்கிறான். அடுத்த நாளே அவர்கள் ஒழுங்கைக்கு அந்தக் கிணறு மூடப்பட்டது. அன்று தொடக்கம் சோறு வடித்தது, கஞ்சி காய்ச்சியது, தேத்தண்ணீர் போட்டது, என் புத்திமதிப்படி நா வறளும்போதெல்லாம் நாகமுத்து குடித்தது, எல்லாம் சவர்த் தண்ணீர். உப்பு என்று நாங்கள் கேட்டபோது அவர்கள் உப்புச் சாடியை நினைத்தார்கள். அவர்கள் சொன்னதில் ஒரு சொல் பொய்யில்லை.

ஏன் எனக்கு ஒருவரும் சொல்லவில்லை என்று கேட்டேன். கேட்க எனக்கு எப்படி வாய் வந்ததோ தெரியாது.

“அம்மாதான் சொல்லவேண்டாமெண்டவ. உங்கடை ஆக்களைக் குறை சொல்லுறமெண்டு நினைச்சுப் பிறகு நீங்கள் வராமல் விட்டிடுவீங்களெண்டு பயந்தவ” என்றாள் இராணி.

அந்தக் கிணற்றடியில் அவர்கள் குடத்தோடு நிற்பதை நான் முன்பு எத்தனையோ நாள் கண்டிருக்கிறேன். பிறகு காணவில்லை. காணாததைப் பற்றி நான் யோசித்ததும் இல்லை. அந்த வீட்டில் ஒரு மிடறு தண்ணீர் வாங்கிக் குடித்திருந்தால் முதல் மாதமே என் நாக்கு எனக்குச் சொல்லியிருக்கும். உப்புப் பொலிஸ் என்று பேரெடுத்த நாக்கு.

எனக்கும் தண்ணீர் தா என்றேன். “வேண்டாம் மிஸ்ஸி, சவர்” என்றாள். இல்லை, தா என்றேன். கொண்டுவந்தாள். நாகமுத்து பாயில் கிடந்தபடி என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். பேணியைத் தூக்கினேன். துக்கத்தோடு தூக்கினேன் என்று எழுதினால் அழகாக இருக்கும். உள்ளதைச் சொன்னால், அந்தப் பேணி என் முகத்துக்குக் கிட்ட வந்தபோது எனக்கு வயிற்றைக் குமட்டியது. சீழும் சளியும் கண்டு குமட்டாத எனக்கு, தேய்த்துக் கழுவிய பேணியைக் கண்டு குமட்டியது. கண்ணை மூடிக்கொண்டு குடித்தேன். உப்புக் கரித்தது.

திரும்பி வரும்போது காரில் டாக்குத்தர் ஒன்று சொன்னார். தண்ணீர் மட்டும்தான் காரணம் என்று அறுதியாகச் சொல்ல முடியாது, அவருக்கு முன்பே வருத்தம் இருந்தது என்றார். நேர்மையான வைத்தியர் அப்படித்தான் சொல்வார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு தப்பிவிடலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். மருந்தகத்து வாசலில் காரை நிறுத்தியதும் இன்னொன்று சொன்னார்.

“உங்களை நான் ஏசப்போறேல்லை மிஸ்ஸி. ஏசினால் உங்களுக்கு ஆறுதலாப் போயிடும்.”

அவர் மேலிடத்துக்கு எதையும் எழுதி என்னை மாட்டவில்லை. அடுத்த நாளும் எப்போதும் போல இலக்கங்களைச் சரிபார்த்தார். ஆனால் சாப்பாட்டுச் சோதனைக்கு என்னை அதன் பிறகு அவர் அனுப்பவில்லை. அந்த வேலையைத் தானே செய்தார், மத்தியானத்தில் குடையைப் பிடித்துக்கொண்டு.

கிணற்றுக்காரரிடம் போய்க் கேட்டுப் பாருங்கள் என்று மட்டும் என்னிடம் சொன்னார். கிணற்றுக்காரர் எங்கள் ஆள். எனக்குத் தூரத்துச் சொந்தமும்கூட. போனேன். கதிரை போட்டு, கோப்பி தந்து, ஊர்ப் புதினம் எல்லாம் விசாரித்தார். நான் நாகமுத்துவின் கதையைச் சொன்னேன். கவனமாகக் கேட்டார். பாவம் என்றார். பிறகு, “பிள்ளை, நீர் அந்த வீட்டிலை தண்ணி குடிப்பீரோ?” என்று கேட்டார்.

குடித்தேன் என்று சொல்ல வேண்டிய இடம் அது. சொன்னால் எங்கள் பகுதி முழுக்க ஒரே நாளில் கதை போய்விடும். மாமி வீட்டில் என்ன சொல்வார்கள், என் பிள்ளைகளை நாளைக்கு எங்கே கட்டிக் கொடுப்பது என்றெல்லாம் மனம் ஓடியது. கோப்பியைக் குடித்து முடித்து வைத்தேன். அதையே அவர் பதிலாக எடுத்துக்கொண்டார். அந்தக் கிணறு திறக்கவில்லை.

டாக்குத்தர் கந்தோர் கந்தோராக ஏறி இறங்கி, கடைசியில் அந்த ஒழுங்கைக்குத் தண்ணீர் வண்டி வரச் செய்தார். அது வந்த பிறகு அங்கே இருந்த வேறு சிலருக்கும் பிறசர் இறங்கியது. கிளினிக்குக்கு அதனால் நல்ல பெயர். வந்து பாராட்டியவர்கள் என்னையும் சேர்த்துப் பாராட்டினார்கள். நானும் கைகூப்பிக்கொண்டு நின்றேன்.

நாகமுத்து பிறகும் சில வருடம் கிடந்தார். நான் கிழமைக்கொரு தரம் போனேன். போகும்போதெல்லாம் தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். முதலில் குமட்டல் இருந்தது, பிறகு குறைந்தது. நாகமுத்து நான் குடிப்பதைப் பார்ப்பார். அவருக்கு அது சந்தோஷமா, வேடிக்கையா, வெறுப்பா, எனக்குத் தெரியாது. வாய் இருந்திருந்தால் நல்ல பகிடி ஒன்று விட்டிருப்பார். நான் கெடுத்தது அந்த வாயைத்தான்.

ஒரு நாள் இராணி பேணியை வாங்கிக்கொண்டு என்னைக் கேட்டாள்.

“நீங்கள் இஞ்சை குடிக்கிறது உங்கடை வீட்டிலை தெரியுமோ மிஸ்ஸி?”

“ஓம்” என்றேன்.

அவள் பேணியைக் கழுவிக் கவிழ்த்து வைத்தாள். நான் சொன்னது பொய் என்று அவளுக்குத் தெரியும் என்பது எனக்கும் தெரிந்தது. நாகமுத்து செத்தபோது செய்தி எனக்கு அடுத்த நாள்தான் வந்தது. இராணி ஆள் அனுப்பவில்லை. நானாகப் போனேன், படலைக்கு வெளியே மற்றப் பெண்களோடு நின்றுவிட்டு வந்தேன்.

பிள்ளைகளே, வீடு வீடாகப் போவதை நிறுத்தவேண்டாம் என்று நீங்கள் போராடுங்கள். ஆனால் போகிறவள் என்ன சாப்பிட்டாள், என்ன குடித்தாள், எந்த வீட்டில் குடிக்கவில்லை என்று கேட்பதற்கும் ஒருவரை வையுங்கள். என்னைப் போல நல்ல பெயர் எடுத்தவளைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இத்தோடு முடித்துத் தபாலில் சேர்க்கத்தான் இருந்தேன். நேற்றுப் பின்னேரம் என் கணவருக்கு இதை வாசித்துக் காட்டினேன். அவர் ஓய்வு பெற்ற ஆசிரியர், ஒருவரையும் கடிந்து பேசாத மனிதர். கண்ணில் படலம் விழுந்ததிலிருந்து பத்திரிகையையும் நான்தான் வாசித்துக் காட்டுவது. பூச்சியக் கதைக்குச் சிரித்தார். கிளாக்கரின் மோர்மிளகாய்க்கு இன்னும் சிரித்தார். நாகமுத்து விழுந்த இடத்தில் “சிவசிவா” என்றார். நான் பேணியைத் தூக்கிய இடம் வந்ததும் சாய்மனைக் கதிரையில் நிமிர்ந்து இருந்துகொண்டார். கடைசிவரை வாசித்துத் தாளை மடித்தேன். இராணி இப்போது எங்கே, எப்படி இருக்கிறாள் என்று கேட்பார் என்று காத்திருந்தேன்.

“எத்தினை தரம் அங்கை குடிச்சனீர்?” என்று கேட்டார்.

எண்ணவில்லை என்றேன்.

“வந்து தோய்ஞ்சனீர்தானே?”

“ஓம்” என்றேன். அவர் ஆறுதலாகக் கதிரையில் சாய்ந்தார். கிளாக்கர் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்த அன்று நான் முகம் கழுவியதோடு சரி. நாகமுத்து வீட்டில் தண்ணீர் குடித்த நாட்களில் எல்லாம் தலையோடு தோய்ந்து குளித்தேன். அதை மேலே எங்கும் எழுதாமல் விட்டிருந்தேன்.